பதில் சொல்வார் யார்?

மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழர் வாழ்வில் ஒரு புத்தகத்துக்குப் பெரிய இடம் இருந்தது. அது கிராணியின் கணக்குப் புத்தகம். விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்றவர் பெயர் அதில் ஏறும். வெயில் ஏறியபின் வாளியில் சுமந்து வந்த பால் நிறுக்கப்படும். அந்த நிறுவையும் அதில் ஏறும். மாதக் கடைசியில் கைக்கு வரும் கூலி அந்தப் புத்தகம் சொல்லும் கூலிதான். வெட்டியவருள் பலருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவருக்கும் புத்தகம் கைக்கு எட்டாது. கிராணி நேர்மையானவராயின் கணக்கு நேராக இருந்தது. அவர் மனம் கோணினால் கணக்கும் கோணியது. வாயில்லாப் பூச்சிகளாய் நின்ற மக்கள், நிறுவையில் ஐயம் தோன்றியபோதும், மரத்தடியில் தமக்குள் முணுமுணுத்துவிட்டு மறுநாள் மீண்டும் பெரட்டுக்கு வந்தார்கள்.

தோட்டத்துக்கு மட்டும் உரிய கதையன்று இது. நிலத்தின் உரிமை, வங்கியில் இட்ட பணம், பிள்ளையின் பிறந்த நாள், மறைந்தவரின் உயில் ஆகிய யாவும் யாரோ ஒருவர் காத்து வைத்திருக்கும் ஏட்டில்தான் இருக்கின்றன. ஏட்டைக் காப்பவரை நம்பியே உலகம் நடக்கிறது. அவரைக் காப்பவர் யார் என்னும் கேள்வி மட்டும், ஏடுகள் தோன்றிய நாள் முதல் விடையின்றி நின்றது.

2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று இக்கேள்விக்குப் புதியதொரு விடை வந்தது. சத்தோஷி நக்கமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை அது. அவர் ஒருவரா, பலரா என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை. ஏட்டை ஒருவர் கையில் கொடுப்பதனால்தானே தொல்லை? எல்லார் கையிலும் கொடுத்துவிடுக என்பதே அவர் கண்ட வழி. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே ஏட்டின் படிகளை வைத்திருக்கும். ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்தைய பக்கத்தின் முத்திரையைத் தன்னுள் தாங்கியிருக்கும். நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்த விரும்புபவர் அதற்குப் பின்வந்த பக்கங்கள் அனைத்தையும், அதுவும் பெரும்பாலான கணினிகளில், ஒருங்கே திருத்தியாக வேண்டும். நடைமுறையில் அது இயலாத செயல். பக்கங்கள் சங்கிலியாய்த் தொடர்வதால் இதற்குப் பிளாக்செயின் என்று பெயர் வந்தது. தொடரேடு என்று தமிழில் சொல்லலாம். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் என்னும் நாணயத்துக்கான முதற்பக்கம் எழுதப்பட்டது. கிராணி இல்லாத கணக்குப் புத்தகம் ஒன்று உலகில் தோன்றிவிட்டது.

இதன் அருமையை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வலியவன் எழுதியதே வரலாறு, முதலாளி எழுதியதே கூலி என்றிருந்த நிலையில், எவராலும் தனித்து அழிக்க முடியாத ஏடு என்பது எளியவர்க்குக் கிடைத்த நற்பேறு. அதிகாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவி நிற்பது நன்று என்பதும் மனித குலம் பட்டுத் தெளிந்த உண்மை. ஆயினும் ஏட்டோடு நின்றிருந்தால் இதில் அறத்தைப் பற்றிய கேள்வி அவ்வளவாக எழுந்திராது. ஏடு செயலில் இறங்கியது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நிக் சாபோ என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர், 1990-களிலேயே தானியங்கும் ஒப்பந்தம் என்னும் கருத்தை எழுதியிருந்தார். காசு போட்டால் பானம் தரும் பெட்டியை அவர் அதற்கு முன்னோடியாகக் காட்டினார். அங்கே விற்பவர் இல்லை, பேரம் இல்லை, காசு விழுந்தால் பானம் விழும். 2015-இல் இயங்கத் தொடங்கிய எத்தீரியம் என்னும் தொடரேடு, இத்தகைய ஒப்பந்தங்களை ஏட்டுக்குள்ளேயே எழுதி வைக்க இடம் தந்தது. இன்னது நடந்தால் இன்னது செய்க என்று கணினி மொழியில் எழுதிவிட்டால் போதும். பின்னர் எழுதியவரே மனம் மாறினாலும், மாற்றுவதற்கென முன்கூட்டியே வழி வைத்திருந்தாலன்றி, அந்த ஒப்பந்தம் நிற்காது. எழுதியபடி நடந்தே தீரும்.

இதனோடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலம் நிலவுக்குப் போகும் வழியில் பழுதுற்றபோது, தரையில் இருந்த பாவனைக் கலங்களில் பொறியாளர்கள் ஒவ்வொரு வழியையும் செய்து பார்த்து, மூன்று வீரர்களையும் உயிரோடு மீட்டார்கள். எட்டாத் தொலைவில் உள்ள பொருளுக்கு எட்டும் இடத்தில் ஒரு மறுவுரு வைத்துக்கொள்வதன் பயன் அன்று விளங்கியது. பிற்காலத்தில் இக்கருத்து மின்னிலக்க இரட்டை என்னும் பெயரோடு வளர்ந்தது. ஒரு பாலமோ, ஆலையோ, நகரமோ கணினிக்குள் இன்னோர் உருவாக வாழும். உண்மைப் பொருளில் பதித்த உணர்கருவிகள் வெப்பம், அழுத்தம், அசைவு ஆகியவற்றை நொடிதோறும் அந்த உருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். சிங்கப்பூர் தன் தீவு முழுவதற்கும் முப்பரிமாண மறுவுரு ஒன்றைப் படைக்கும் திட்டத்தை 2014-இல் அறிவித்தது. அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 73 மில்லியன் வெள்ளி.

உணர்கருவி கண்ணாகவும், மறுவுரு மூளையாகவும், தொடரேடு நினைவாகவும், தானியங்கும் ஒப்பந்தம் கையாகவும் அமைந்தால் ஏறக்குறைய ஓர் ஆட்சியே அமைந்துவிடுகிறது. இதன் சிறு தொடக்கங்கள் அண்மையிலேயே உள்ளன. சிங்கப்பூரின் எஸ்பி குழுமம் 2018 அக்டோபரில் பசுமை மின்சாரச் சான்றிதழ்களை வாங்கவும் விற்கவும் தொடரேட்டின் அடிப்படையில் ஒரு சந்தையைத் தொடங்கியது. கூரைமேல் உள்ள சூரியத் தகடு இத்தனை மின்சாரம் தந்தது என்பது ஏட்டில் ஏறும். அதன் பசுமைச் சான்று கைமாறும். இது தீங்கற்ற, பயனுள்ள ஏற்பாடு. ஆயினும் பொறியாளர்கள் இதற்கு அப்பாலும் பார்க்கின்றனர். தண்ணீர்க் குழாயின் அடைப்பான், மின்விசை, கதவின் பூட்டு, சாலையின் விளக்கு ஆகியவை தமக்குள் பேசி, தமக்குள் வாக்களித்து, தமக்குள் தீர்ப்பெழுதி, தாமே அதை நிறைவேற்றும் நாளை அவர்கள் வரைபடமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே அரசன் இல்லை, அதிகாரி இல்லை, கையூட்டுப் பெறுபவர் இல்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அங்கே முறையிடுவதற்கும் ஆள் இல்லை.

ஆள்வோர் இல்லாத ஆட்சியில் தீங்கு நேர்ந்தால் பதில் சொல்லும் கடமை யாருடையது? அறநூல் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இக்கேள்வியைப் பொறியாளரிடம் விட்டுவிட முடியாது. கேள்வி கற்பனையானதும் அன்று. ஒருமுறை அது உலகறிய எழுந்து, உலகறிய இரண்டாகப் பிளந்து நின்றது. அந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே காண வேண்டும்.

செருமனியில் ஸ்லாக்.இட் என்றொரு சிறு நிறுவனம் இருந்தது. பூட்டுகளைத் தொடரேட்டோடு இணைப்பது அதன் நோக்கம். வாடகை செலுத்தியவருக்கு வீட்டின் கதவு தானே திறக்க வேண்டும். மிதிவண்டியின் பூட்டு தானே விலக வேண்டும். இடையில் தரகர் கூடாது. இப்பணிக்கு முதல் திரட்ட நினைத்தவர்கள், நிறுவன அமைப்பையே தொடரேட்டில் எழுதிவிட்டால் என்ன என்று எண்ணினர். அவ்வாறு 2016 ஏப்ரல் 30 அன்று பிறந்தது ‘டி டிஏஓ’ எனப்பட்ட அமைப்பு. அதற்கு இயக்குநர் இல்லை, அலுவலகம் இல்லை, செயலாளர் இல்லை. பணம் இட்டவர்கள் இட்ட அளவுக்கு வாக்குப் பெற்றனர். எந்தத் திட்டத்துக்குப் பணம் தரலாம் என்பதை வாக்கு முடிவு செய்யும். முடிவை ஒப்பந்தம் நிறைவேற்றும். நான்கு வாரத்தில் ஏறத்தாழ 150 மில்லியன் அமெரிக்க வெள்ளி மதிப்புள்ள ஈதர் நாணயம் குவிந்தது. அதன் விதிமுறையில் ஒரு வாசகம் இருந்தது. விளக்கவுரையில் சொன்னதற்கும் கணினி மொழியில் எழுதியதற்கும் வேறுபாடு தோன்றினால், கணினி மொழியில் உள்ளதே செல்லும் என்பது அதன் கருத்து.

மே மாத இறுதியில் ஆய்வாளர் மூவர் இதன் அமைப்பில் குறைகள் உள்ளன, சற்று நிறுத்தி வையுங்கள் என்று எழுதினர். யாரிடம் எழுதுவது? நிறுத்தும் அதிகாரம் எவரிடமும் இல்லையே. ஜூன் 17 அன்று யாரோ ஒருவர், பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியில் இருந்த ஓட்டையைக் கண்டுகொண்டார். கணக்குப் புத்தகத்தில் கழிப்பதற்கு முன்னே பணத்தை எடுத்துக் கொடுக்கும்படி அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. கழிப்பதற்குள் மீண்டும் கேட்டார், மீண்டும் கொடுத்தது, மீண்டும் கேட்டார். இவ்வாறு 36 இலட்சம் ஈதர் அவர் பக்கம் சேர்ந்தது. பல்லாயிரவர் கண்ணெதிரே, ஏட்டின் ஒவ்வொரு வரியும் திறந்திருக்க, கொள்ளை நடந்தது. பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

ஆனால் அது கொள்ளைதானா? கேள்வியின் கூர்மை இங்கே இருக்கிறது. தாக்கியவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு மடல் மறுநாளே வெளிவந்தது. உண்மையில் அவர்தாம் எழுதினாரா என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் அதில் இருந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எழுதியதே சட்டம் என்று சொன்னவர்கள் நீங்கள். எழுதியபடி நான் நடந்துகொண்டேன். எழுதியது எனக்குப் பணம் தந்தது. இதில் களவு எங்கே என்று அது கேட்டது. பூட்டை உடைத்தால் திருட்டு. பூட்டே கையில் சாவியைக் கொடுத்தால்?

நல்லவேளையாக, எடுத்த பணத்தை உடனே கொண்டுபோக முடியாதபடி சில வாரக் காத்திருப்பும் அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்த இடைவெளியில் எத்தீரியத்தை நடத்துவோர் கூடிக் கூடிப் பேசினர். ஏட்டைத் திருத்திப் பணத்தை உரியவருக்குத் திருப்பித் தரலாம் என்றனர் ஒரு சாரார். பல்லாயிரவர் சேமிப்பு கண்முன் பறிபோகையில், எழுத்தைக் காப்பதற்காக மனிதரைக் கைவிடுவதா என்பது அவர் கேள்வி. மறுசாரார், திருத்தவே முடியாத ஏடு என்று சொல்லித்தானே மக்களை அழைத்தோம் என்றனர். இன்று நல்ல காரணத்துக்குத் திருத்தினால், நாளை வலியவர் ஒருவர் தம் காரணத்துக்குத் திருத்தச் சொல்வார்; கிராணி மீண்டும் வந்துவிடுவார் என்பது அவர் அச்சம். இரு சாராரும் தன்னலத்துக்காகப் பேசினர் என்று ஒதுக்கிவிட முடியாது. தன்னலமும் கலந்திருந்தது, ஆயினும் இரண்டு அறங்கள் அங்கே நேருக்கு நேர் நின்றன என்பதே பொருந்தும்.

வாக்கெடுப்பொன்று நடந்தது. வாக்களித்தவருள் பெரும்பான்மையோர் திருத்தத்தை ஏற்றனர். ஆனால் வாக்களித்த நாணயமோ மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. 2016 ஜூலை 20 அன்று ஏடு திருத்தப்பட்டது. இட்டவர்கள் தம் பணத்தைத் திரும்பப் பெற்றனர். திருத்தத்தை ஏற்காதவர்கள் பழைய ஏட்டையே தொடர்ந்து எழுதினர். அன்று முதல் ஒரே ஏட்டுக்கு இரண்டு தொடர்ச்சிகள் உள்ளன. ஒன்று எத்தீரியம், மற்றொன்று எத்தீரியம் கிளாசிக். முன்னதில் அந்தப் பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னதில் அது எடுத்தவருக்கே உரியது.

அந்த நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகும் ஒன்றை விட்டுவிடலாகாது. ஆள்வோர் இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில், நெருக்கடி வந்தவுடன் ஆள்வோர் தோன்றிவிட்டனர். ஏட்டின் மென்பொருளை எழுதுவோர், பெரிய கணினிக் கூடங்களை நடத்துவோர், நாணயத்தை மிகுதியாக வைத்திருப்போர் ஆகியோர் சில நாளில் முடிவெடுத்தனர். அவர்கள் எடுத்த முடிவு நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆயினும் அவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. முடிவு தவறாயின் அவர்களை விலக்கும் வழியும் இல்லை. அதிகாரம் மறைந்துபோய்விட்டது என்று உலகம் எண்ணியது. அது திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்தது.

பின்னர் வந்த நிகழ்ச்சிகள் இதே புண்ணை வேறு வேறு பக்கத்திலிருந்து காட்டின. 2021 செப்டம்பர் இறுதியில் காம்பவுண்டு என்னும் கடன் அமைப்பில் உறுப்பினர் வாக்களித்து ஒரு மாற்றத்தை நிறைவேற்றினர். மாற்றத்தில் ஒரு பிழை இருந்தது. பல மில்லியன் வெள்ளி பெறுமான நாணயம் உரிமையில்லாதவர் கைக்குப் போகத் தொடங்கியது. பிழை தெரிந்துவிட்டது, திருத்தமும் தெரிந்துவிட்டது. ஆனால் எந்த மாற்றமும் வாக்கெடுப்பும் காத்திருப்புமாக ஏழு நாள் கடந்தே நடைமுறைக்கு வர முடியும் என்பது விதி. எவரும் அவசரப்பட்டு அதிகாரம் செலுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் இயற்றப்பட்ட விதி அது. குழாய் உடைந்து நீர் ஓடுவதைக் கண்டும், அடைப்பதற்கு ஏழு நாள் பொறுத்திருந்த கதையாயிற்று.

காத்திருப்பைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் 17 காட்டியது. பீன்ஸ்டாக் என்னும் அமைப்பில், மூன்றில் இரு பங்கு வாக்கு இருந்தால் ஒரு நாளிலேயே அவசரத் தீர்மானத்தை நிறைவேற்றலாம் என்று வழி வைத்திருந்தனர். ஒருவர் முதல்நாளே தம் தீர்மானத்தைப் பதிந்துவிட்டு, மறுநாள் ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க வெள்ளியை நொடிக் கடனாகப் பெற்றார். அக்கடன் பணத்தால் வாக்குரிமை வாங்கினார், அந்த வாக்கால் தம் தீர்மானத்தைத் தாமே நிறைவேற்றினார், கருவூலத்தைத் துடைத்தார், கடனையும் அதே நொடியில் திருப்பிக் கட்டினார். அமைப்புக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 182 மில்லியன் வெள்ளி. விதி எங்கும் மீறப்படவில்லை. வாக்குச் சாவடியை வாடகைக்கு எடுத்து வென்றதுபோல் இருந்தது அந்த வெற்றி.

பணத்துக்கேற்ற வாக்கு என்பது ஒரு சிறு நடைமுறைக் குறையென்று இதைக் கடந்துவிட முடியாது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்ட பின், 32 ஈதரைப் பிணையாக வைப்பவர் ஏட்டின் பக்கத்தை எழுதும் தகுதி பெறுகிறார். தகுதி பெற்றோருள் இந்தப் பக்கத்தை எழுதுபவர் யார் என்பது குலுக்கல் போன்ற முறையால் முடிவாகிறது. இதைப் படிக்கும் தமிழாசிரியருக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வராமல் போகாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். அங்கும் தகுதிக்குச் சொத்து வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவருக்கே ஓலை. நிலமில்லாதவருக்கு அந்தக் குடத்தில் இடம் இல்லை. ஆகவே பழம்பெருமை பேசி இன்றைய முறையை இகழ்வதற்கு அந்தக் கல்வெட்டு உதவாது.

ஆனால் அந்தக் கல்லில் வேறொன்று இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மீண்டும் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. அண்மை ஆண்டுகளில் பதவி வகித்தவரும் ஒதுங்கி இருக்க வேண்டும். பதவியை அவ்வூரார் குலுக்கலிடம் ஒப்படைத்தனர்; பொறுப்பை அவ்வாறு ஒப்படைக்கவில்லை. ஓலையில் இருந்தது ஒரு மனிதரின் பெயர். அவர் ஆண்டு முடிவில் கணக்கோடு சபைமுன் நிற்க வேண்டியவர். நிற்கத் தவறினால் வெட்கம் அவர் வீடு வரை வந்தது. இன்றைய தொடரேட்டில் உள்ளதோ ஒரு நீண்ட எண். அந்த எண்ணுக்கு உறவினர் இல்லை, ஊர் இல்லை, நாளை வேறோர் எண்ணாக மாறி வரவும் தடையில்லை. பிழை செய்தால் பிணைப்பணம் போகும். அவ்வளவே. பணத்தை இழப்பதும் பதில் சொல்வதும் ஒன்றாகிவிடுமா?

இனி, ஏட்டில் ஏறுவது உண்மைதானா என்பதையும் பார்க்க வேண்டும். தொடரேட்டைப் புகழ்வோர் அடிக்கடி இடறும் இடம் இது. ஏடு தன்னுள் எழுதியதை மாறாமல் காக்கும். எழுதியது மெய்யா பொய்யா என்று அறியாது. தோட்டத்துத் தராசு பொய் சொன்னால், கிராணி தங்கமான மனிதராய் இருந்தும் பயனில்லை. ஆயிரம் கணினியில் படியெடுத்து வைத்தாலும் பொய் நிறுவை பொய் நிறுவைதான். ஒரு வேறுபாடு, இப்போது அதை எவராலும் அடித்தெழுத முடியாது.

உணர்கருவியை மட்டும் நம்பிய எந்திரம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இந்த வட்டாரத்திலேயே நேர்ந்தது. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து 157 பேர் மாண்டனர். விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று பழுதுற்ற ஓர் உணர்கருவி சொன்னது. அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு, தானியங்கும் அமைப்பு மூக்கைக் கீழே அழுத்தியது. விமானிகள் மேலே இழுத்தனர். அமைப்பு மீண்டும் அழுத்தியது. அங்கே தொடரேடு எதுவும் இல்லை. ஆயினும் உணர்கருவி சொல்ல, எந்திரம் தீர்ப்பளிக்க, மனிதர் மறுக்க இயலாது போன முறை ஒன்றுதான். ஒன்றுக்குப் பதில் பல உணர்கருவிகளைக் கேட்டு ஒப்பிடலாமே என்று பொறியாளர் சொல்வர். நியாயமான விடை, செய்யவும் செய்கின்றனர். ஆனால் பலவும் ஒரே ஆலையில் பிறந்து, ஒரே மென்பொருளில் இயங்கி, ஒரே பிழையைச் சுமந்திருந்தால், பெரும்பான்மை வாக்கு பிழைக்கே விழும்.

அவ்வாறாயின் எந்திரத்தின் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கி மீண்டும் அதிகாரியிடம் கொடுத்துவிடலாமா? அந்த விடையும் எளிதில் தொண்டைக்குள் இறங்குவதில்லை. அதிகாரியின் மேசையில் கோப்பு உறங்கிய கதைகளை யார் அறியார்? வேண்டியவருக்கு ஒரு விதி, வேண்டாதவருக்கு ஒரு விதி என்று எழுதிய கைகள் மனிதக் கைகளே. எந்திரம் முகம் பார்ப்பதில்லை, சாதி கேட்பதில்லை, இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதில்லை. எளியவனுக்கு இது சிறு ஆறுதலன்று. அவசரத்தில் நிறுத்தும் அதிகாரத்தை ஒருவர் கையில் வைத்தால், அந்தக் கை நாளடைவில் எல்லா அதிகாரத்தையும் தன்பால் இழுத்துக்கொள்ளும் என்று அஞ்சுவோரின் அச்சத்துக்கும் வரலாறு சான்று தருகிறது.

எனினும் முகம் பாராமை வேறு, முகமே இல்லாமை வேறு. நடுவர் முகம் பாராமல் தீர்ப்பளிக்கிறார். ஆனால் அவருக்கு ஒரு முகம் இருக்கிறது. தீர்ப்பின் காரணத்தை அவர் எழுத வேண்டும். அதை இன்னொரு நடுவர் முன் எதிர்த்து வாதிடலாம். தாம் தவறினோம் என்று உணரும் நெஞ்சும் அவருக்கு உண்டு. சிலம்பைப் படித்தவர்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டா. ஆராயாது தண்டித்த பாண்டியன், தன் பிழை தெரிந்த அந்தக் கணத்திலேயே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான் என்பதே அக்காப்பியம் கூறும் செய்தி. கோவலன் மீளவில்லை, எனினும் நீதி என்ற ஒன்று அந்த நாட்டில் இருந்தது என்று கண்ணகியால் அறிய முடிந்தது. பிழை செய்த ஒப்பந்தமோ பிழை செய்ததாக அறியாது. மறுநாளும் அதே முறையில், அதே நேர்த்தியோடு, இன்னொருவருக்கு அதையே செய்யும்.

சட்டம் இதை மெல்ல மெல்ல உணரத் தொடங்கியுள்ளது. ஊக்கி டிஏஓ என்னும் அமைப்பின்மேல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று 2022-இல் வழக்குத் தொடுத்தது. அறிவிப்பை யாரிடம் கொடுப்பது என்பதே முதற்சிக்கல். வாசலும் இல்லை, வாயிற்காவலனும் இல்லை. இறுதியில் வாடிக்கையாளர் உதவி கேட்கும் அரட்டைப் பெட்டிக்குள் அறிவிப்பைப் போட்டனர். நீதிமன்றம் அதையும் ஏற்றுக்கொண்டது. 2023 ஜூனில் வந்த தீர்ப்பு, இயக்குநர் இல்லாவிட்டாலும் அவ்வமைப்பு சட்டத்தின்முன் பொறுப்புடையதே என்று கூறி 6 இலட்சத்து 43 ஆயிரம் வெள்ளிக்கு மேல் தண்டம் விதித்தது. யாருமில்லை என்ற சொல்லைச் சட்டம் ஏற்கவில்லை. தண்டம் விதித்தால் ஆயிற்றா, யாரிடமிருந்து பெறுவது என்று கேட்டால் அது வேறு கதை.

பொறியாளர் சிலரும் வழி தேடுகின்றனர். நிறுத்தும் திறவுகோலை ஒருவர் கையில் தராமல் ஐவர், எழுவர் கையில் பிரித்துத் தந்து, பெரும்பான்மையோர் ஒப்பினால் மட்டும் சிறிது காலத்துக்கு நிறுத்தலாம் என்னும் ஏற்பாடு இன்று பல அமைப்புகளில் உள்ளது. நிறுத்த மட்டும் முடியும். எடுக்கவோ மாற்றவோ முடியாது என்று அதற்கு எல்லையும் கட்டலாம். அந்த ஐவர் யார் என்று ஊர் அறிய வேண்டும். நிறுத்தியதற்கும் நிறுத்தாமல் இருந்ததற்கும் அவர்கள் காரணம் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் பல அமைப்புகள் வசதியாக மறந்துவிடுகின்றன. திறவுகோல் இருக்கிறது, பிடித்திருப்பவர் எண்ணாக ஒளிந்திருக்கிறார். உத்தரமேரூரார் கல்லில் வெட்டியதை இவர்கள் நீரில் எழுதக்கூட முன்வரவில்லை.

2016-இல் நடந்தது பணத்தைப் பற்றியது. ஏட்டைப் பின்னோக்கித் திருப்ப முடிந்தது. திருப்ப விரும்பாதவர்க்கு வேறோர் ஏடும் கிடைத்தது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அப்படி இரண்டு தொடர்ச்சிகள் கிடையா. ஓர் அடுக்குமாடி வீட்டில் மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார் என்று கொள்வோம். மூச்சுக்கு உதவும் கருவி அவர் கட்டிலருகே மின்சாரத்தில் ஓடுகிறது. அளவி ஒன்று பழுதாகி, அவர் கட்டணம் செலுத்தவில்லை என்று ஏட்டில் எழுதுகிறது. மற்றக் கருவிகள் அதைச் சரிபார்த்து ஒப்புகின்றன. நள்ளிரவில் ஒப்பந்தம் எழுதியபடி மின்விசையை அணைக்கிறது. கணினிக்குள் இருக்கும் அவர் வீட்டின் மறுவுருவில் எல்லாம் முறையாகவே இருக்கும். மறுநாள் பிழையைக் கண்டு ஏட்டைத் திருத்தலாம். கட்டணத்தைத் திருப்பித் தரலாம். வேண்டுமாயின் அந்த இரவு நடக்கவே இல்லை என்று ஏட்டின் வேறொரு தொடர்ச்சியைக்கூட எழுதலாம். மூதாட்டிக்கு அந்த இரவு ஒருமுறைதான்.

தோட்டத்துக் கிராணியை யாரும் விரும்பித் திரும்ப அழைக்கப் போவதில்லை. அவர் புத்தகத்தால் கண்ணீர் விட்ட குடும்பங்கள் பல. ஆயினும் அந்தக் கோணல் கணக்கின் நாளிலும், நிறுவையில் மனம் பொறாத ஒருவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு அலுவலகத் திண்ணைவரை நடந்து போக முடிந்தது. உள்ளே ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். பெரும்பாலும் அவர் கேட்கவில்லை. சில வேளை கேட்டார். பின்னாளில் பலர் சேர்ந்து சங்கமாகி நடந்தபோது அவர் கேட்டே ஆக வேண்டியதாயிற்று. ஆளில்லா ஆட்சிக்கு வரைபடம் வரையும் இளைஞர், அந்த மூதாட்டியின் பேத்தி விடிந்ததும் நடந்து போக வேண்டிய திண்ணை எது என்று தம் தாளில் ஓரிடத்தைக் குறித்துவிட்டாரா?